கரிசல் கட்டிய துறைமுகம்

தூத்துக்குடியில் பார்க்க வேண்டியவை எவை என்று கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் சொல்வார்கள். 1713-இல் எழும்பிய பனிமய மாதா ஆலயம், டச்சுக்காரர் 1750-இல் கட்டிய தேவாலயம், கடற்கரைச் சாலை, தோணிகள் நிற்கும் பழைய துறைமுகம், கலங்கரை விளக்கமுள்ள முயல் தீவு, நேரமிருந்தால் 1974-இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகம். இவற்றைக் கொடிகளின் வரிசையில் அடுக்கிச் சொல்வது வழக்கம்: முதலில் போர்ச்சுகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பல கைமாற்றங்களுக்குப் பிறகு 1825-இல் நிலையாக ஆங்கிலேயர். மூன்று ஐரோப்பிய நாட்டார் வந்து கட்டிக் கொடுத்த பட்டினம் என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் தானாகப் படிந்துவிடுகிறது. கட்டடங்களைப் பொறுத்தவரை அதில் பொய்யில்லை. ஆனால் கட்டடம் இருந்தால் மட்டும் ஓர் ஊர் துறைமுகமாகிவிடாது. ஏற்றுவதற்கு ஆண்டுதோறும் சரக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். அந்தச் சரக்கின் தடம் பிடித்துப் போனால் கடலை விட்டு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வடக்கே, அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் நடுவிலுள்ள பாலவனத்தம் போன்ற மானாவாரி ஊர்களில் போய் நிற்போம். தூத்துக்குடியைப் பெரிய துறைமுகமாக்கியது கரிசல் காடு. ஐரோப்பியர் அதன் வாசலில் கடை போட்டவர்கள்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. பருத்திப் பொதி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரை முத்துக்குப் பெயர் பெற்றது. கொற்கையும் காயலும் முத்தால் வாழ்ந்த துறைகள். போர்ச்சுகீசியர் இங்கே ஒதுங்கியதும் முத்தை நம்பித்தான். 1530-களில் பரதவர் கிறித்தவம் தழுவியதும், 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்ததும், பனிமய மாதா ஆலயத்தின் முதல் கட்டடம் 1582-இல் எழுந்ததும் முத்துக்குளித்துறையின் கதை. அப்படியிருக்க, கரிசலுக்கு இதில் என்ன பங்கு? மறுப்பில் உள்ள உண்மையை முழுதாக ஏற்கலாம். தூத்துக்குடி என்ற ஊரைக் கண்டது பரதவர். அதை மாற்றிச் சொல்ல முடியாது. ஆனால் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடக்கும் தொழில் அல்ல. பாரில் சிப்பி விளைந்திருந்தால்தான் குளிப்பு. விளையாவிட்டால் பல ஆண்டுகள் சும்மா இருக்க வேண்டியதுதான். விளைந்த ஆண்டிலும் சில வாரம் கரையில் திருவிழாக் கூட்டம் கூடும், பந்தல் போடுவார்கள், ஏலம் நடக்கும், கலைந்து போவார்கள். அந்த மாதிரித் தொழிலுக்குக் கிட்டங்கி வேண்டாம், ரயில் வேண்டாம், பேட்டை வேண்டாம். கையளவு முத்து ஒரு செட்டியாரின் மடியில் அடங்கிவிடும்.

அதைவிடத் தெளிவான சான்று பக்கத்து ஊர்கள். வேம்பாறு, வைப்பாறு, புன்னைக்காயல், மணப்பாடு எல்லாம் இதே கரையில் இருக்கின்றன. அங்கேயும் பரதவர், அதே கிறித்தவம், அதே போர்ச்சுகீசியர். போர்ச்சுகீசியர் முதலில் தலைமையிடமாகக் கொண்டதே புன்னைக்காயலைத்தான். ஐரோப்பியர் வருகைதான் ஒரு துறைமுகத்தை வளர்க்கும் என்றால் இவற்றில் ஒன்றிரண்டாவது நகரமாகியிருக்க வேண்டும். அவை அழகான தேவாலயங்களோடு மீனவர் ஊர்களாகவே நின்றுவிட்டன. தாமிரபரணி வண்டல் கொற்கையையும் காயலையும் தூர்த்ததுபோல் தூத்துக்குடியைத் தூர்க்கவில்லை, முன்னால் உள்ள தீவுகள் அலையைத் தடுக்கின்றன என்ற புவியியல் காரணத்தைச் சொல்லலாம். அதுவும் சரி. ஆனால் அதே கடல் ஆழமற்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன, ஒவ்வொரு மூட்டையும் தோணியேறிப் போய்த்தான் கப்பலேறியது. இத்தனை சிரமத்துக்கும் கப்பல்கள் வந்தன என்றால், கரையில் காத்திருந்த சரக்கு அவ்வளவு மதிப்புள்ளது என்பதுதான் பொருள்.

அந்தச் சரக்கு டச்சுக்காரர் காலத்திலேயே பெரும்பாலும் துணிதான். முத்து அவர்களுக்கு எப்போதாவது கிடைத்த வருமானம், சங்கு வங்காளத்து வளையல் தொழிலுக்குப் போன பொருள். ஆண்டுக்கு ஆண்டு அவர்களை இங்கே நிறுத்தி வைத்தது உள்நாட்டு நெசவு ஊர்களில் வணிகர் மூலம் முன்பணம் கொடுத்து வாங்கிய பருத்தித் துணி. ஆங்கிலேயர் காலத்தில் லங்காஷயர் ஆலைத் துணி வந்து நெசவை நெருக்க, துணிக்குப் பதில் பஞ்சு கப்பலேறியது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பருத்தி வரத்து நின்றபோது கரிசல் பருத்தியின் விலை பல மடங்கு ஏறியது. 1865-இல் போர் முடிந்ததும் அதே வேகத்தில் இறங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்து மாசி, பங்குனியில் வெடித்த பருத்தியை எடுத்த சம்சாரிக்கு, கண்ணால் காணாத ஒரு தேசத்துச் சண்டை தன் வீட்டுக் கல்யாணத்தை முடிவு செய்யும் என்பது அப்போது புதிது. கருங்கண்ணியும் உப்பமும் இந்த மண்ணின் பழைய ரகங்கள். பறித்ததை வீட்டில் உலர்த்திக் கொட்டை நீக்கினால் கொட்டை மாட்டுக்கு, மார் அடுப்புக்கு, பஞ்சு மட்டும் வண்டிக்கு. ஒரு செடியில் கப்பலுக்குப் போனது அதன் ஒரு பகுதிதான். மீதி முழுவதும் ஊரிலேயே தங்கி ஊரை நடத்தியது. திருநெல்வேலிப் பருத்தி என்று உலகச் சந்தை அறிந்தது, இப்படி ஆயிரம் முற்றங்களில் சேர்ந்து தூத்துக்குடியில் அழுத்திக் கட்டப்பட்ட பொதியைத்தான். ரல்லி, வோல்கார்ட் போன்ற ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் அங்கே கிளை போட்டதும் அதற்காகவே.

1876-இல் போடப்பட்ட ரயில் பாதையைப் பார்த்தால் எது எதை இழுத்தது என்பதில் ஐயம் நிற்காது. மதுரையிலிருந்து தெற்கே வந்த பாதை விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசலின் நெஞ்சுக்குள் புகுந்து, மணியாச்சியில் கிளை பிரிந்து, தூத்துக்குடியில் முடிந்தது. திருநெல்வேலிக்குப் போனது கிளை. மாவட்டத் தலைநகரும் தாமிரபரணி நெல்வயல்களும் இருந்த திசைக்குக் கிளைப்பாதை, பருத்தி போகும் திசைக்கு முதன்மைப் பாதை! பாதை வந்ததும் விருதுபட்டி பெரிய சந்தையானது. அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பஞ்சு மாட்டு வண்டியில் பாலவனத்தம் வழியாக அங்கே போய் ரயிலேறியது. அருப்புக்கோட்டைக்கே ரயில் வர 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சரக்கைத் தந்த ஊருக்கு வசதி கடைசியில் வந்தது என்பது இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத பக்கம்.

மூலதனமும் தொழில்நுட்பமும் ஐரோப்பியருடையவை அல்லவா என்பது அடுத்த மறுப்பு. ரயில் அவர்களுடையது, ஹார்வி சகோதரர் 1880-களில் பாபநாசத்திலும், 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில் என்ற பெயரிலும், பிறகு மதுரையிலும் ஆலை வைத்தார்கள். உண்மைதான். ஆனால் வயலுக்கும் ரயிலடிக்கும் இடையிலான தூரத்தை அவர்கள் கடக்கவில்லை. அதைக் கடந்தவர்கள் உள்ளூர் வணிகர்கள். தெற்கிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் கொண்டுவந்து, வழியில் கள்ளர் பயம் இருந்த காலத்தில் மதில் சூழ்ந்த பேட்டைகளில் வண்டியையும் மாட்டையும் பத்திரப்படுத்தித் தங்கிய நாடார் வணிகர்கள் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி, சாத்தங்குடி, சிவகாசி, திருமங்கலம் என்று ஆறு ஊர்களில் வேரூன்றினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் எடுத்து வைத்த மகமைதான் பேட்டையைக் காத்தது, கிணறு வெட்டியது, பின்னால் பள்ளிக்கூடம் கட்டியது. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் அப்படி எழுந்தது. வங்கியும் காப்பீடும் இல்லாத வட்டாரத்தில் நம்பிக்கையை ஒழுங்குபடுத்திய இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், தூத்துக்குடியில் எத்தனை அழுத்து இயந்திரம் இருந்தும் அழுத்துவதற்குப் பஞ்சு வந்திருக்காது. ஹார்வியும் முதலில் பஞ்சு வணிகராகவே இந்தப் பக்கம் வந்தார்கள் என்பதை நினைத்தால், பருத்தியைத் தேடித்தான் ஆலை வந்தது என்பது விளங்கும்.

இந்த உறவு வெளிப்படையாகப் பேசிய தருணம் 1906. அந்த அக்டோபர் 16-ஆம் தேதி தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதை ஓடி ஓடிக் கட்டியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தலைவராக அமர்ந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர் என்றே அவரை அறிகிறோம். புலவர்களைக் கூட்டியவர் கப்பல் கம்பெனிக்கு ஏன் வந்தார் என்று கேட்பதில்லை. தமிழ்ப் பற்றும் சுதேசிப் பற்றும் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அவர் ஊரின் இருப்பிடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரிசல் ஜமீனின் வரவு மழையையும் விளைச்சலையும் நம்பியது. விளைச்சலின் விலை தூத்துக்குடியில் முடிவானது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடலோ பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கம்பெனியின் கையில் இருந்தது. கொழும்போடு நடந்த வணிகமும், பஞ்ச காலங்களில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஜனங்களும் அந்தக் கப்பல்களுக்குத்தான் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. 1907-இல் வந்திறங்கிய காலியா, லாவோ கப்பல்கள் ஒவ்வொன்றும் 1300 சாதாரணப் பயணிகளையும் 4000 மூட்டைச் சரக்கையும் ஏற்றக்கூடியவை என்ற கணக்கே, கம்பெனி யாரை நம்பித் தொடங்கப்பட்டது என்பதைச் சொல்லும். முதல் வகுப்புத் துரைமாரை நம்பி அல்ல.

ஜமீன்தாரை முன்னிறுத்தினால் குடியானவர் மறைந்துபோவார்கள் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். பாலவனத்தத்திலிருந்து கப்பலுக்குப் போன பணம் மண்ணில் உழைத்தவர் கொடுத்த வரியிலிருந்து வந்தது. அவர்கள் பெயரில் பங்குப் பத்திரம் எழுதப்படவில்லை. கம்பெனியில் பெரும்பங்கு போட்டவர்களும் வணிகர்கள்தான். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய் போட்டவர். எனவே இதை மக்கள் முதலீடு என்று கொண்டாடுவது மிகையாகும். ஆனால் பணம் எந்தத் திசையில் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்குப் பஞ்சும் ஆளும் போயின, முடிவுகள் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு வந்தன. முதல்முறையாக உள்நாட்டுப் பணம் போய்த் துறைமுகத்தில் முடிவெடுக்க உட்கார்ந்தது. அதனால்தான் எதிர்ப்பு அவ்வளவு கடுமையாக இருந்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், மார்ச் 12-இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி, அதன் பிறகு நீண்ட சிறை. 1911-இல் கம்பெனி கலைந்தது. அதே ஆண்டு பாண்டித்துரைத் தேவரும் மறைந்தார். தோற்றுப்போன முயற்சியைத் துறைமுகத்தின் வரலாற்றில் எதற்கு நடுவில் வைப்பது என்றால், வென்றவர் கட்டியதை மட்டும் பார்த்தால் எதற்காகப் போட்டி நடந்தது என்பதே புரியாமல் போகும் என்பதால்தான்.

இன்று கணக்கு தலைகீழாகிவிட்டது. கரிசலில் பருத்தி சுருங்கிவிட்டது. தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது, கரிமூட்டம் ஒரு பிழைப்பாகிவிட்டது. தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வெளிநாட்டுப் பஞ்சு தூத்துக்குடியில் வந்திறங்கி, பஞ்சு விளைந்த ஊர்களைக் கடந்து வடக்கே போகிறது. ஆக, துறைமுகம் கரிசலை இனி நம்பியிருக்கவில்லை, பழைய உறவைப் பேசி என்ன பயன் என்பது கடைசி மறுப்பாக வரலாம். பயன் உண்டு. ஒரு துறைமுகத்தின் பின்னணி நிலம் கைவிடப்பட்டால் அதன் வரலாறும் சேர்ந்து கைவிடப்படுகிறது. கல் கட்டடம் உள்ளவர் கதை மட்டும் பெயர்ப்பலகையில் நிற்கிறது. தூத்துக்குடியைப் பார்க்க வருகிறவர் விருதுநகரில் இறங்கி, பழைய பேட்டைத் தெருவைப் பார்த்து, பாலவனத்தம் வழியாக அருப்புக்கோட்டை வந்து, அங்கிருந்து எட்டயபுரம் சாலையில் தெற்கே போகட்டும். கடைசியில் கிரேட் காட்டன் ரோட்டில் நுழைந்து பழைய துறைமுகத்தை அடையட்டும். மாதா கோயிலும் டச்சு தேவாலயமும் வழக்கம்போல் அவருக்காகக் காத்திருக்கும். ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் இந்தக் கரையில் ஏன் இவ்வளவு காலம் தங்கினார்கள் என்ற கேள்விக்கு அவர் வழியிலேயே விடை கண்டிருப்பார். சுற்றுலாத் துறை போடும் பட்டியலில் பாலவனத்தத்துக்கு ஒரு வரி ஒதுக்க இந்த ஒரு காரணம் போதும்.