பூங்கோவலூர்க் காவற்கன்னியும் பாவை நோன்பும்

திருவண்ணாமலைக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் இருக்கிறது. முதலாழ்வார்கள் மூவரும் மழையிரவில் ஓர் இடைகழியில் நெருங்கி நின்று எம்பெருமானை அநுபவித்த திவ்யதேசம். அங்கே உலகளந்த பெருமாளின் திருக்கோயிலுக்குள்ளேயே துர்க்கைக்குத் தனி ஸந்நிதியும் நித்யாராதனமும் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து அங்கு ஸேவிக்கச் செல்லும் ஸ்ரீவைஷ்ணவர்களில் இரு வகையினரை அடியேன் நெடுங்காலமாகக் கண்டுவருகிறேன். ஒரு வகையினர், தேவதாந்தர ஸம்பந்தம் நேர்ந்துவிடுமோ என்றஞ்சி, அந்த ஸந்நிதிப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கடந்துவிடுவர். மற்றொரு வகையினர், பெண்ணின் விவாஹம், பிள்ளையின் உத்யோகம் ஆகிய வேண்டுதல்களையெல்லாம் அவளிடமே ஒப்பித்துவிட்டு, பெருமாளை மரியாதைக்காக ஸேவித்து வருவர். முதல் வகையினரில் சிலர், "இது நாயக்கர் காலத்தில் நுழைந்த கலப்பு" என்றும் சொல்வதுண்டு.

அப்படியன்று என்பதற்கு ஆழ்வாரே ஸாக்ஷி. பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் பத்தாம் திருமொழி திருக்கோவலூரைப் பாடுவது. அதில் ஒரு பாசுரத்தில், விந்தத்தில் உறையும் கன்னி காவல் பூண்டிருக்கும் பொழில்களையும் வீதிகளையும் உடைய ஊர் என்று திருமங்கைமன்னன் கோவலூரைச் சிறப்பிக்கிறார். அக்கன்னியை உரையாளர் துர்க்கை என்றே கொள்வர். இதற்கு முந்திய ஒன்பதாம் திருமொழி காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடுவது. பல்லவ மன்னனின் போர்ச்செயல்கள் அதில் பேசப்படுகின்றன. ஆகவே 8ஆம் நூற்றாண்டளவில் பல்லவர் நாட்டைச் சுற்றி வந்த ஓர் ஆழ்வார், கோவலூரில் இக்கன்னியைக் கண்டிருக்கிறார்; கண்டதை மறைக்கவுமில்லை, அவளிடம் ஒன்றை வேண்டவுமில்லை. அவர் அவளுக்குக் கொடுத்தது ஒரு கைங்கர்யம்: காவல். அதே பாசுரத்தில் மலையரையன் வந்து பணிவதும் சொல்லப்படுகிறது. கோவலூர் ஸங்ககாலந்தொட்டு மலையமான்களின் தலைநகர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான காரி அக்குடியினன். அரசன் பணிகிறான், கன்னி காக்கிறாள், நடுவே எம்பெருமான் நிற்கிறான். பாசுரம் காட்டும் வரிசை இதுதான்.

கல்லும் இதையே சொல்கிறது. மாமல்லபுரத்து வராஹ மண்டபத்தில் வராஹன், கஜலக்ஷ்மி, துர்க்கை, த்ரிவிக்ரமன் என்னும் நான்கு திருவுருவங்களும் ஒரே குடைவரையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில் அரங்கநாதன் பள்ளிகொண்ட பல்லவர் காலக் குடைவரையிலும் கொற்றவைக்கு இடமுண்டு. எருமைத்தலை மேல் நிற்பவளும் சங்கு சக்கரம் ஏந்தியவளுமான கொற்றவையைத் திருமாலின் தங்கையாகத் தமிழ்நாடு அறிந்திருந்தது; சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியைப் படித்தவர்க்கு இது புதிதன்று. காவல் என்னும் பணி துர்க்கைக்கு இயல்பானது என்பதை எங்கள் ஊரிலேயே காணலாம். கார்த்திகைத் தீபத் திருவிழாவில் கொடியேறுவதற்கு முன் துர்க்கையம்மனுக்கு ஓர் இரவு, பிடாரிக்கு ஓர் இரவு, விநாயகருக்கு ஓர் இரவு என்று உத்ஸவம் நடக்கிறது. சைவத் தலமாயினும் முறை ஒன்றே: எல்லையைக் காப்பவளிடம் முதலில் சொல்லிக்கொண்ட பிறகே உள்ளிருப்பவனுக்கு விழா.

இனி, அவளை ஆராதிக்கும் மந்த்ரங்களும் நாமங்களும் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்க்கவேண்டும். எம்பெருமானாரும் ப்ரமாணமாகக் கொண்ட ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் ஐந்தாம் அம்சம் முதல் அத்யாயத்திலேயே இதற்கு விடை கிடைக்கிறது. பகவான் யோகநித்ரையை அழைத்து ஆணையிடுகிறான். தேவகியின் ஏழாம் கர்ப்பத்தை ரோஹிணியிடம் சேர்க்கவேண்டும். தான் அஷ்டமியில் பிறக்க, அவள் நவமியில் யசோதையிடம் பிறக்கவேண்டும். கம்ஸன் பாறையில் மோதும்போது வானத்தில் எழுந்து நிற்கவேண்டும். இந்த்ரன் அவளைத் தங்கையாக ஏற்பான் என்றும் சொல்லிவிட்டு, ஆர்யா, துர்க்கா, அம்பிகா, பத்ரகாளீ முதலிய நாமங்களைச் சொல்லி, காலையிலும் பிற்பகலிலும் அவளைத் துதிப்பவர்களின் வேண்டுதல்கள் நிறைவேறும் என்று வரமளிக்கிறான். கள்ளும் மாம்ஸமும் படைத்துப் பூஜிப்பார்கள் என்பதையும் அந்தப் புராணம் ஒளிக்கவில்லை. (விஷ்ணு ஆலயத்துக்குள் வந்தபின் அவளுக்கு ஸாத்த்விக நிவேதனமே என்பது வேறு செய்தி.) துர்க்கையின் நித்யபூஜைக்கும் நாமஜபத்துக்கும் வேளை குறித்துக் கொடுத்தவன் நம் பெருமாளே.

அங்கே ஒரு சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. அவர்கள் வேண்டியது நிறைவேறுவது "என் ப்ரஸாதத்தாலே" என்கிறான். நாமம் அவளுடையது, நிவேதனம் அவளுக்கு, பலம் மட்டும் அவனுடைய அநுக்ரஹத்தால். தேவீமாஹாத்ம்யமும், முதல் அத்யாயத்தில் அவளை விஷ்ணுவின் யோகநித்ரையாகத் துதித்து, பதினோராம் அத்யாயத்தில் நாராயணீ என்று திரும்பத் திரும்ப விளித்து, நந்தகோபர் இல்லத்தில் யசோதை வயிற்றில் பிறந்து விந்த்யத்தில் வஸிக்கப்போவதையும் கூறுகிறது. சாக்தர்கள் அந்நூலை வேறு விதமாகக் கொள்வர். அது அவர்கள் வழி. நமக்கு வேண்டியது, கோவலூர்ப் பாசுரத்தில் ஆழ்வார் சொன்ன விந்தத்துக் கன்னி இவளே என்பதுதான்.

மந்த்ர விஷயத்தில் மிகவும் ஆராயத்தக்கது ஸ்ரீபாகவதத்தின் காத்யாயனீ வ்ரதம். பத்தாம் ஸ்கந்தம் இருபத்திரண்டாம் அத்யாயத்தில், ஹேமந்தருதுவின் முதல் மாதமாகிய மார்கழியில் கோகுலத்துக் கன்னியர் ஹவிஷ்யம் உண்டு, விடியற்காலையில் காளிந்தியில் நீராடி, கரையில் மணலால் தேவியின் உருவம் சமைத்து, சந்தனம், மாலை, தூபம், தீபம், தளிர், பழம், அரிசி இவற்றால் பூஜிக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் காத்யாயனியை விளித்து, நந்தகோபன் குமரனைத் தனக்குப் பதியாக்க வேண்டுமென்று ஒரு மந்த்ரத்தை ஜபிக்கிறாள். ஒரு மாதம் இது நித்ய கர்மமாக நடக்கிறது. யசோதையிடம் பிறந்தவளிடமே யசோதையின் பிள்ளையைக் கேட்கிறார்கள்! நாத்தனாரைப் பிடித்தால் காரியம் ஆகும் என்று ஆய்ப்பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த அத்யாயத்தில் காத்யாயனி எங்கும் ப்ரத்யக்ஷமாவதில்லை. பலம் கொடுக்க வருபவன் கண்ணன். ஆர்யையை அர்ச்சித்து நீங்கள் நோன்பு நோற்றது எதற்காகவோ அது கைகூடும் என்று தானே வாக்களித்து அனுப்புகிறான். ஸ்ரீவிஷ்ணுபுராணத்தில் சொன்ன "என் ப்ரஸாதத்தாலே" என்னும் சொல்லுக்கு இது நடந்து காட்டிய உரை.

இப்போது திருப்பாவையை எடுத்துக்கொள்வோம். அதே மார்கழி, அதே ஆய்ப்பாடி, அதே விடியல் நீராட்டம். அங்கே ஹவிஷ்யம், இங்கே இரண்டாம் பாசுரத்தில் நெய்யும் பாலும் விலக்கு. இந்த நோன்பு தமிழ்நாட்டில் ஆண்டாளுக்கும் முற்பட்டது. பரிபாடலின் பதினோராம் பாடலில் மார்கழித் திருவாதிரையில் கன்னியர் வையையில் ஆடும் அம்பாவாடல் கூறப்படுகிறது. அதைத் தாயர் அருகே நின்று காட்ட ஆடும் நோன்பென்று பரிமேலழகர் கொண்டார்; அம்பா என்பது அம்பிகையையும் குறிக்கும் என்று கருதுவோரும் உண்டு. எவ்வாறாயினும், கன்னியர் மார்கழியில் ஒரு பாவையை முன்னிட்டு நோன்பு நோற்றது வடக்கிலும் தெற்கிலும் அறிந்த வழக்கம்.

ஆண்டாள் அந்த நோன்பைக் கைவிடவில்லை. பாவை என்ற பெயரையும் கைவிடவில்லை. ஆனால் முப்பது பாசுரங்களில் ஓரிடத்திலும் காத்யாயனியின் நாமம் இல்லை. முதற் பாசுரத்திலேயே பறை தருபவன் நாராயணனே என்று தேற்றேகாரத்தோடு அறுதியிட்டுவிடுகிறாள். அப்படியானால் பாகவதத்துக் கன்னியர் தங்களுக்கும் கண்ணனுக்கும் நடுவே நின்று சேர்த்துவைக்க ஒருத்தியை நாடினார்களே, அந்த இடம் இங்கே காலியாக இருக்கிறதா? இல்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபதாம் பாசுரங்களில் அவ்விடத்தில் நப்பின்னைப் பிராட்டி இருக்கிறாள். அவளை எழுப்பாமல் அவனை எழுப்புவதில்லை. உடையவர் பதினெட்டாம் பாசுரத்தை அநுஸந்தித்தபடியே பெரியநம்பி திருமாளிகை வாசலில் நிற்க, அத்துழாய் வளையொலிக்கக் கதவைத் திறந்ததும் நப்பின்னையே வந்தாள் என்று மூர்ச்சித்தாரென்னும் ஐதிஹ்யம் அந்த இடத்தின் உயர்த்தியைச் சொல்வது.

காத்யாயனியின் இடத்தில் நப்பின்னை வந்ததை வெறும் பெயர் மாற்றமாக அடியேன் கருதவில்லை. காத்யாயனி வரம் தருபவளாக வேண்டப்படுகிறாள். நப்பின்னை புருஷகாரமாகப் பற்றப்படுகிறாள். முன்னவளிடம் நெடுநாள் ஜபித்து, உருவம் சமைத்து, படைத்துக் கேட்கவேண்டும். பின்னவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பினால் போதும். மேலும், பாகவதத்துக் கன்னியர் கேட்டது பதியை. திருப்பாவையின் இருபத்தொன்பதாம் பாசுரத்தில் பறையையும் விட்டு, என்றைக்குமான அடிமையைக் கேட்கிறாள். பாகவதம் முந்தியதா திருப்பாவை முந்தியதா என்று ஆராய்ச்சியாளர் வாதிடுவர். நம் விஷயத்துக்கு அந்த வாதம் தேவையில்லை. ஒரே நோன்பின் இரண்டு கிளைகள் இவை. ஒன்றில் மந்த்ரம் துர்க்கையைப் பற்றியும், மற்றொன்றில் பிராட்டியைப் பற்றியும் வளர்ந்தன.

"ஆண்டாளே நாச்சியார் திருமொழியில் காமதேவனைத் தொழவில்லையா?" என்று கேட்பார்கள். தொழுதாள். அதற்குப் பூர்வர்கள் அருளிச்செய்யும் ஸமாதானம், ராமனுக்காக அயோத்தியின் ஸ்த்ரீகள் கிழவியரும் இளையவருமாகக் காலையும் மாலையும் எல்லாத் தேவர்களையும் வணங்கினாற்போலே என்பது. ப்ரேமம் மிகுந்து கண் மறைந்த நிலை. அது அவர்களுக்கு ஏற்றம்; பிள்ளைக்கு உத்யோகம் கேட்பவர் அதை எடுத்துக்கொண்டு தமக்கு நிழல் தேடலாகாது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. தைத்திரீய ஆரண்யகத்தில் உள்ள துர்க்கா ஸூக்தம் தேவியின் திருமஞ்சன காலத்தில் ஓதப்படுவது. அதன் முதல் ருக் ருக்வேதத்தில் அக்நிக்கு உரியது. அங்கே துர்க்கம் என்பது கடத்தற்கரிய இடர்களுக்குப் பெயர். கடலைக் கடத்தும் ஓடம்போல அவற்றைக் கடத்தவேண்டுமென்று ஜாதவேதஸ் வேண்டப்படுகிறான். இரண்டாம் ருக்கில்தான் துர்க்கை என்று தேவியின் நாமம் வருகிறது. உடனே "ப்ரபத்யே" என்ற சொல்லும் வருகிறது. த்வயத்தை அநுஸந்திக்கும் நாவுக்கு இந்தச் சொல் வேறெங்கும் உரியதாகுமா? அடியேன் சிறுவயதில் தகப்பனாரிடம் ஸூக்தங்களைச் சந்தை சொல்லும்போது இவ்விடத்தில் நின்று இதைக் கேட்டதுண்டு. "அடுத்ததாக ஸ்ரீஸூக்தத்தைச் சொல்" என்றார். அங்கும் தாமரையாளை நோக்கி அதே "ப்ரபத்யே" இருக்கிறது. இரண்டு ஸூக்தங்களிலும் சொல் ஒன்று, கேட்பது வேறு. துர்க்கா ஸூக்தத்தின் ப்ரபத்தி இடரைக் கடப்பதற்கு. ஸ்ரீஸூக்தத்தில் அலக்ஷ்மி நீங்கவேண்டுமென்று கேட்கப்பட்டாலும், நம் ஆசார்யர்கள் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பிராட்டியை முன்னிட்டு அவன் திருவடியைப் பற்றுவதில். கத்யத்தில் எம்பெருமானார் முதலில் பிராட்டியைச் சரணம் புகுந்த பிறகே அவனைச் சரணம் புகுகிறார். இந்தச் சொல்லுக்கு ஸம்ப்ரதாயம் வகுத்த பாதை அது. வேதத்தை ஓதுகிறவன் துர்க்கா ஸூக்தத்தை ஓதலாம், ஓதுவது அத்யயனம். அதைக் கொண்டு உபாயத்தை மாற்றிக்கொள்வது வேறு.

அப்படியானால் கோவலூரில் ஸேவிப்பவன் அவள்முன் என்ன சொல்வது? இதற்கு நித்யாராதன க்ரமத்திலேயே வழி இருக்கிறது. பாஞ்சராத்ர முறையிலும், எம்பெருமானார் அருளிய நித்யத்திலும் த்வாரபாலர்களான சண்டன், ப்ரசண்டன் முதலானோர்க்கு அவரவர் நாமத்தைச் சொல்லி நம: என்று வணக்கம் உண்டு. அவர்களை வணங்குவதால் அநந்யத்வம் கெட்டதென்று எவரும் சொன்னதில்லை. அவர்களிடம் மோக்ஷத்தையோ, பெண்ணுக்கு வரனையோ எவரும் கேட்டதுமில்லை. திருமங்கையாழ்வார் காவல் என்ற சொல்லால் அந்தக் கன்னியை எந்த வரிசையில் நிறுத்தினாரோ, அந்த வரிசைக்குரிய வணக்கம் அவளுக்கு உரியது. முகம் திருப்பிப் போவது ஆழ்வார் கண்டதைக் காணமாட்டேன் என்பது. ராகுகாலத்தில் எலுமிச்சம்பழ மூடியில் விளக்கேற்றி, அவளிடமே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்புவதோ, வாசற்காவலிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு அரசனைப் பாராமல் போவது. எலுமிச்சை விளக்கு எந்த ஆகமத்தில் இருக்கிறதென்று கேட்கும் அன்பர்களுக்கு அடியேனிடம் விடையில்லை.

அவ்விடைகழியில் மூன்றாமவராய்ப் புகுந்த பேயாழ்வாரின் திருவந்தாதி, திருவைக் கண்டேன் என்றே தொடங்குகிறது. பொய்கையாரும் பூதத்தாரும் ஏற்றிய விளக்குகளில் அவர் கண்ணில் முதலில் பட்டவள் பிராட்டி. அதன் பிறகே திருமேனி, ஆழி, சங்கு. புஷ்பவல்லித் தாயார் ஸந்நிதியில் இந்தப் பாசுரத்தை அநுஸந்தித்துவிட்டு ஆயனாரை ஸேவிப்பது எங்கள் இல்லத்துப் பெரியோர் வழக்கம். அதற்கு முன் துர்க்கை ஸந்நிதியில் அவர்கள் கைகூப்பி நிற்பதுண்டு. அங்கே வேண்டுதல் எதுவும் வைத்ததில்லை. உள்ளே போக விடை கேட்பார்கள்.