அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் ஆசிரியர் தொடக்க ஊதியம்: ஓர் அட்டவணையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியரின் ஊதியத்தை அந்தந்தப் பள்ளி மாவட்டம் உறுதி செய்கிறது. அத்தொகை எவரும் அறியத்தக்க அட்டவணையாக நாடெங்கும் நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான். அட்டவணை வெளிப்படையாக இருந்த இடத்தில் பாலின, இனப் பாகுபாட்டை மெய்ப்பிக்க முடிந்தது. அட்டவணையின் இடத்தைத் தனிநபர் மதிப்பீடு பிடித்துக்கொண்ட இடத்தில் அது அரிதாயிற்று. விர்ஜீனியாவின் நார்ஃபோக் நகர வழக்கை (1940) மையமாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளி மாவட்டம், தொடக்க ஊதியம், ஒற்றை ஊதிய அட்டவணை, நார்ஃபோக் வழக்கு, ஊதியப் பாகுபாடு

முன்னுரை

பள்ளி மாவட்டம் என்னும் சொல் தமிழ்ச் சூழலில் வருவாய் மாவட்டத்தையோ கல்வி மாவட்டத்தையோ நினைவூட்டக்கூடும். அமெரிக்கப் பள்ளி மாவட்டம் அவ்விரண்டும் அன்று. பெரும்பாலான மாநிலங்களில் அது தனக்கென வாரியமும், வரி விதிக்கும் அதிகாரமும் உடைய ஓர் உள்ளாட்சி அமைப்பு. ஒரு சிற்றூரும் பள்ளி மாவட்டமாக இருக்கலாம். ஒரு பெருநகரமும் இருக்கலாம். 1939-40ஆம் கல்வியாண்டில் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,17,000. அடுத்து வந்த இணைப்புகளால் அது இன்று 13,000 அளவிற்குச் சுருங்கியுள்ளது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் தொடக்க ஊதியம் எவ்வளவு என்ற வினாவிற்கு ஊதியக் குழுவின் பரிந்துரையையொட்டி வெளிவந்த அரசாணை ஒன்று விடை தந்துவிடும். அமெரிக்காவில் அவ்வினா ஆயிரக்கணக்கான விடைகளை உடையது. அவ்விடைகளை அறிந்துகொள்வதே ஒரு காலத்தில் அரசியல் செயற்பாடாக இருந்தது.

பேரத்தில் இருந்த ஊதியம்

19ஆம் நூற்றாண்டின் ஊர்ப்புறப் பள்ளிகளில் ஊதியம் என்பது பள்ளிக் குழுவினர்க்கும் ஆசிரியருக்கும் இடையே நேரில் முடிவான பேரம். ஊதியத்தின் ஒரு பகுதி உணவும் உறைவிடமுமாக வழங்கப்பட்டது. மாணவர் வீடுகளில் முறை வைத்துத் தங்கும் வழக்கம் பல பகுதிகளில் இருந்தது. அடுத்த ஊரின் ஆசிரியர் எவ்வளவு பெறுகிறார் என்பதை இவ்வூர் ஆசிரியர் செவிவழியாகவே அறிய முடிந்தது.

இந்நிலையில் முதல் மாற்றம் மாசசூசெட்சில் தோன்றியது. 1837இல் அம்மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற ஹோரஸ் மான், ஊர்தோறும் பள்ளி விவரங்களைத் திரட்டும் முறையை வலுப்படுத்தினார். அவ்வாறு தொகுக்கப்பட்ட விவரங்களில் ஆண், பெண் ஆசிரியர்களின் மாதச் சராசரி ஊதியம் தனித்தனியே இடம்பெற்றது. பெண்களின் சராசரி ஆண்களுடையதில் பாதியைக் கூட எட்டவில்லை என்பதை அரசின் ஏடே சொல்லிற்று. எனினும் சராசரி வேறு, தொடக்க ஊதியம் வேறு. புதிதாக வருபவருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சராசரி ஒருபோதும் காட்டாது. இவ்வேறுபாட்டை இன்றைய ஆய்வுகளும் அவ்வப்போது மறந்துவிடுகின்றன.

நகரங்கள் வளர்ந்தபோது பேரத்தின் இடத்தை விதிகள் பிடித்தன. சிகாகோவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆண்டுக்கு 500 டாலரில் தொடங்கி 825 டாலர் வரை பெறலாம் என்ற அளவு 1877 முதல் இருபது ஆண்டுகள் மாறாமலிருந்தது. 1897இல் உருவான சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர்களான மார்கரெட் ஹேலியும் கேத்தரின் காகினும், ஊதிய உயர்வுக்குப் பணமில்லை என்ற வாரியத்தின் கூற்றை அப்படியே ஏற்கவில்லை. வரி மதிப்பீட்டுப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த அவர்கள், பொதுப்பயன்பாட்டு நிறுவனங்களின் உரிம மதிப்பு வரிக்கு உட்படுத்தப்படாமல் இருந்ததைக் கண்டறிந்து வழக்காடினர். 1901இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. புதிதாக வந்த பணத்தை வாரியம் நிலக்கரிக்கும் கட்டடப் பழுதுக்கும் திருப்பிவிட முனைந்ததும், அதற்கும் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்ததும் தனிக் கதை.

நியூயார்க்கில் சட்டமே அட்டவணையாயிற்று. 1900ஆம் ஆண்டின் டேவிஸ் சட்டப்படி தொடக்கப்பள்ளியில் பெண்ணின் தொடக்க ஊதியம் 600 டாலர். ஆணுக்கு 900 டாலர். முன்பும் இந்த ஏற்றத்தாழ்வு இருந்ததுதான். ஆனால் சட்டத்தின் எழுத்தில் அருகருகே நின்ற இரு எண்கள், அதுவரை முணுமுணுப்பாக இருந்த குறையை வாதத்திற்கு உரிய பொருளாக்கின. கிரேஸ் ஸ்ட்ராக்கன் தலைமையில் பெண் ஆசிரியர் சங்கம் நடத்திய இயக்கம் ஒருமுறை ஆளுநர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மறுப்பாணையைச் சந்தித்து, 1911இல் சம ஊதியச் சட்டத்தை வென்றது.

ஒற்றை ஊதிய அட்டவணை

1905இல் தேசியக் கல்விச் சங்கத்தின் குழு ஒன்று, கூட்டரசின் தொழிலாளர் ஆணையராக இருந்த காரல் ரைட்டின் தலைமையில், நகரப் பள்ளிகளின் ஊதிய நிலையைத் தொகுத்து வெளியிட்டது. 1922இல் அச்சங்கம் தனக்கென ஆய்வுப் பிரிவு ஒன்றை அமைத்தபின் இத்தகைய தொகுப்புகள் தொடர்ந்து வெளிவரலாயின.

இதனிடையே 1921இல் டென்வரும் டி மோய்னும் ஒற்றை ஊதிய அட்டவணையைக் கைக்கொண்டன. தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி என்ற பிரிவினை நீங்கிற்று. கல்வித் தகுதி, பணி ஆண்டுகள் ஆகிய இரண்டே அளவுகோல்கள். தகுதி ஒரு திசையில், ஆண்டுகள் மற்றொரு திசையில். இரண்டும் தொடங்கும் மூலைக் கட்டத்தில் உள்ள எண்ணே தொடக்க ஊதியம். 1950ஆம் ஆண்டளவில் நாட்டின் மிகப் பெரும்பாலான பள்ளிகள் இம்முறைக்கு மாறியிருந்தன. தெற்கு மாநிலங்களின் நிலை வேறு. அங்கே பல மாவட்டங்களில் அட்டவணைகள் இரண்டு: வெள்ளையினத்தவர்க்கு ஒன்று, கறுப்பினத்தவர்க்கு ஒன்று.

நார்ஃபோக் அட்டவணை

கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் 1936இல் ஆசிரியர் ஊதிய வழக்குகளைத் தொடங்கியது. முதல் களம் மேரிலாந்து. மான்ட்கோமரி கவுண்டியில் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் கிப்ஸ் ஆண்டுக்கு 612 டாலர் பெற்றார். அதே பொறுப்பில் இருந்த வெள்ளையினத்தவர் 1,475 டாலர் பெற்றார். வழக்கறிஞர் தர்குட் மார்ஷல். ஊதியத்தைப் படிப்படியாகச் சமமாக்க 1937இல் வாரியம் உடன்பட்டது. 1939இல் ஆன் அருண்டெல் கவுண்டியின் வால்டர் மில்ஸ் தொடுத்த வழக்கில் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம், இன அடிப்படையிலான ஊதிய வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

விர்ஜீனியாவில் இழப்பு பெரிதாயிருந்தது. நார்ஃபோக் நகரின் புக்கர் வாஷிங்டன் உயர்நிலைப்பள்ளி வேதியியல் ஆசிரியை ஆலீன் பிளாக் 1939இல் வழக்குத் தொடுத்தார். மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வாரியம் அவரது பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மாணவரும் ஊர் மக்களும் கண்டன ஊர்வலம் சென்றனர். அவரது இடத்தில் அதே பள்ளியின் ஆசிரியர் மெல்வின் ஆல்ஸ்டன் முன்வந்து கூட்டரசு நீதிமன்றத்தை நாடினார். அவரது ஆண்டு ஊதியம் 921 டாலர். ஒத்த தகுதியுடைய வெள்ளையின ஆண் ஆசிரியருக்கு 1,200 டாலர்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 1940 ஜூன் தீர்ப்பில் நார்ஃபோக் ஊதிய அட்டவணை முழுவதும் இடம்பெற்றுள்ளது. புதிதாகச் சேர்வோர்க்கான ஊதியம் அதில் தனி நிரலாக நிற்கிறது. தொடக்கப்பள்ளியில் பயிற்சிப் பள்ளிச் சான்றிதழ் பெற்ற கறுப்பின ஆசிரியருக்கு 597.50 டாலர், வெள்ளையினத்தவருக்கு 850. பட்டதாரியாயின் முறையே 611, 937. உயர்நிலைப்பள்ளிப் பெண்களுக்கு 699, 970. ஆண்களுக்கு 784.50, 1,200.

இவ்வெண்களை மேலும் நுணுகிப் பார்க்க இடமுண்டு. தொடக்கப்பள்ளியில் பட்டம் பெற்றிருப்பதற்காக வெள்ளையின ஆசிரியருக்குக் கூடுதலாகக் கிடைத்தது 87 டாலர். கறுப்பின ஆசிரியருக்குக் கிடைத்தது 13.50 டாலர். ஆக, ஊதிய வேறுபாட்டிற்குத் தகுதிக் குறைவே காரணம் என்ற வாதத்தை அட்டவணையே மறுத்தது. அதே அட்டவணை உச்ச ஊதியத்தையும் தருகிறது. ஆண்டு உயர்வுத் திட்டம் நிறுத்தப்படுவதற்கு முன்பே பணியில் இருந்த கறுப்பின உயர்நிலைப்பள்ளி ஆண் ஆசிரியர் எட்டக்கூடிய உச்சம் 1,235 டாலர். புதிதாக உள்ளே வரும் வெள்ளையின ஆண் ஆசிரியரைவிட 35 டாலர்தான் கூடுதல். ஒருவரது பணிக்காலத்தின் முடிவும் மற்றவரது முதல் நாளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் சந்தித்தன. அட்டவணையில் மற்றொரு பாகுபாடும் வெளிப்படையாகவே நிற்கிறது: ஒரே பள்ளி நிலையில், ஒரே இனத்துக்குள், ஆணும் பெண்ணும் வெவ்வேறு தொகை பெற்றனர். வழக்கு அதனைத் தொடவில்லை; நீதிமன்றமும் தொடவில்லை.

கீழமை நீதிமன்றம் ஆல்ஸ்டனின் வழக்கைத் தள்ளுபடி செய்யக் காட்டிய காரணம், அவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு அந்த ஊதியத்தை ஏற்றுக்கொண்டார் என்பது. ஊதியம் இருவருக்கிடையிலான பேரம் என்ற பழைய கருத்தின் மறுவடிவம் இது. நீதிபதி ஜான் பார்க்கர் எழுதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு இதனை ஏற்கவில்லை. பொது நிதியிலிருந்து ஊதியம் வழங்கும் அரசு அமைப்பு, இன அடிப்படையில் அதனை வகுப்பது சட்டத்தின் சமப் பாதுகாப்பை மீறுவதாகும். கையொப்பத்தால் அவ்வுரிமை கைவிடப்பட்டதாகாது என்று அது கொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் விண்ணப்பத்தை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. மூன்று கட்டங்களில், 1943க்குள் ஊதியத்தைச் சமமாக்க நகரம் இசைந்தது. ஆலீன் பிளாக் 1941இல் மீண்டும் பணியமர்த்தப்பட்டார்.

அட்டவணையிலிருந்து மதிப்பீட்டிற்கு

நார்ஃபோக் தீர்ப்பிலிருந்து பிற மாவட்டங்களும் பாடம் கற்றன. கற்ற பாடம் வேறாக இருந்தது. இனப்பெயர் தாங்கிய அட்டவணையைக் காக்க இயலாது எனில் அட்டவணையே வேண்டாம் என்ற முடிவுக்குச் சிலர் வந்தனர். புளோரிடாவின் ஹில்ஸ்பரோ கவுண்டியில் ஹில்டா டர்னர் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, ஆசிரியர்களை மதிப்பிட்டுத் தரம் பிரிக்கும் புதிய முறை புகுத்தப்பட்டது. கறுப்பின ஆசிரியருள் பெரும்பாலோர் கடைநிலைத் தரத்தில் வைக்கப்பட்டனர். எனினும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காரணம் கூறப்பட்டமையால், 1943இல் நீதிமன்றம் அம்முறையை ஏற்றுக்கொண்டது. நார்ஃபோக்கில் ஒரு பக்கத் தாள் செய்த சான்றுப் பணியை இங்கே நூற்றுக்கணக்கான தனி மதிப்பீடுகளைக் கொண்டு செய்ய வேண்டியிருந்தது.

தென் கரோலினா தேர்வு வழியைத் தேர்ந்தது. சார்ல்ஸ்டன் நகரில் வயோலா டுவாலின் வழக்கு 1944இல் ஆசிரியருக்குச் சாதகமாக முடிந்தது. மறு ஆண்டே அம்மாநிலம், தேசிய ஆசிரியர் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு சான்றிதழ்களைத் தரம் பிரித்து, ஊதியத்தை அதனோடு இணைத்தது. தனித்தனிப் பள்ளிகளில், சமமற்ற வசதிகளோடு பயின்றோரை ஒரே தேர்வால் அளக்கும் ஏற்பாட்டின் விளைவு முன்கூட்டியே அறியத்தக்கதாக இருந்தது. அத்தேர்வு முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1978இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இக்காலப் பகுதியைச் சம ஊதியத்தின் வெற்றி வரலாறாக மட்டும் எழுதுவோர் ஹில்ஸ்பரோவையும் தென் கரோலினாவையும் அடிக்குறிப்பில் ஒதுக்குவது சரியாகாது.

கூட்டு ஒப்பந்தமும் அதன் பின்னும்

1959இல் விஸ்கான்சின் மாநிலம் உள்ளாட்சிப் பணியாளர்க்குக் கூட்டுப்பேர உரிமை வழங்கியது. 1962இல் நியூயார்க் நகர ஆசிரியர்கள் விரிவான கூட்டு ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றனர். பிற பல மாநிலங்களிலும் இம்முறை பரவியபோது ஊதிய அட்டவணை ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையாயிற்று. ஒப்பந்தம் பொது ஆவணமாதலால் அட்டவணையும் பொது ஆவணமாயிற்று. இன்று ஒரு மாவட்டத்தின் தொடக்க ஊதியத்தை அறிய விரும்புவோர் பெரும்பாலும் இப்பிற்சேர்க்கையையே நாடுகின்றனர். 2022-23இல் நாட்டின் சராசரித் தொடக்க ஊதியம் 44,530 டாலர் எனத் தேசியக் கல்விச் சங்கம் கணக்கிட்டது. ஆனால் உள்ளூர்ச் சொத்து வரி பள்ளி நிதியின் பெரும் தூணாக இருக்கும் நாட்டில், அண்டை மாவட்டங்கள் இரண்டின் தொடக்க எண்கள் வெகுவாக விலகி நிற்க முடியும்.

2011இல் அதே விஸ்கான்சின், பத்தாம் சட்டம் எனப்படும் சட்டத்தால் ஆசிரியர்களின் கூட்டுப்பேர உரிமையைப் பெரிதும் சுருக்கியது. மாவட்டங்கள் அட்டவணையைக் கைவிட்டு ஒவ்வோர் ஆசிரியருடனும் தனியே ஊதியம் பேசலாம் என்றாயிற்று. சில மாவட்டங்கள் அட்டவணையைத் தொடர்ந்தன, சில கைவிட்டன. பொருளியலாளர்களான பார்பரா பியாசியும் ஹெதர் சார்சன்ஸும் இம்மாற்றத்தை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரையில், தனிப்பேரத்திற்கு இடம் பிறந்தபின் ஒத்த தகுதியும் அனுபவமும் உடைய ஆண், பெண் ஆசிரியர்களிடையே ஊதிய இடைவெளி தோன்றியதைக் காட்டினர். அவர்களது கணக்கெடுப்பில், ஊதியத்தைப் பேசி உயர்த்த முயன்ற பெண்களின் விகிதம் ஆண்களினும் குறைவாக இருந்தது. பெண்கள் தலைமை வகித்த பள்ளிகளிலும் மாவட்டங்களிலும் அவ்விடைவெளி காணப்படவில்லை.