'பேக்கப் இருக்கு' என்று நிம்மதியா? அது எத்தனை நாள் இருக்கும் தெரியுமா? முழு விவரம்

ஃபோன் தொலைந்து போனாலோ, உடைந்து போனாலோ பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் ஆறுதல், "பேக்கப் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்பதுதான். ஒருமுறை பேக்கப் போட்டுவிட்டால் அது என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால், பால் பாக்கெட்டுக்கும் மாத்திரை அட்டைக்கும் இருப்பது போல பேக்கப்புக்கும் காலாவதி உண்டு. பெரும்பாலும் அந்தத் தேதியை முடிவு செய்வது பயனாளர் அல்ல, கூகுள், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள்தான்.

எந்த பேக்கப் எத்தனை நாள் தாங்கும்? எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? எதை அழித்துவிட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டு, ஐஃபோன்: எத்தனை நாள்?

ஆண்ட்ராய்டு ஃபோனை 57 நாட்கள் பயன்படுத்தாமல் இருந்தால், அந்த ஃபோனின் பேக்கப் கூகுள் கணக்கிலிருந்து அழிக்கப்படலாம். ஆப் விவரங்கள், செட்டிங்ஸ், கால் ஹிஸ்டரி, எஸ்எம்எஸ் போன்றவை இதில் அடக்கம். கூகுள் போட்டோஸில் இருக்கும் படங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பழைய ஃபோன் உடைந்து, "புது ஃபோன் தீபாவளிக்கு வாங்கிக்கலாம்" என்று இரண்டு மாதம் தள்ளிப்போடுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

ஐஃபோனில் ஐகிளவுட் பேக்கப்பை நிறுத்திவிட்டாலோ, பயன்படுத்தாமல் விட்டாலோ, கடைசி பேக்கப் 180 நாட்கள் வரை இருக்கும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே என்பதால், இடம் நிரம்பியதும் புதிய பேக்கப் ஓசையில்லாமல் நின்றுவிடும். "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வரும் மெசேஜை தள்ளிவிட்டுப் போனால், கையில் இருப்பது பல மாதங்களுக்கு முந்தைய நகல்தான்.

கூகுள் கணக்குக்கே ஒரு காலாவதி இருக்கிறது. 2 ஆண்டுகள் எந்தப் பயன்பாடும் இல்லாத தனிநபர் கணக்குகளை, அதில் உள்ள மெயில், படங்கள், ஃபைல்களோடு சேர்த்து நீக்கலாம் என்ற விதியை 2023-ல் கூகுள் கொண்டுவந்தது. "குழந்தை போட்டோவுக்குன்னு தனியா ஒரு ஜிமெயில் வச்சிருக்கேன்" என்பவர்கள், அவ்வப்போது அதில் லாகின் செய்வது அவசியம்.

வாட்ஸ்அப்பில் நேற்றைய பேக்கப் கிடைக்குமா?

ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில், கூகுள் கணக்கில் சேமிக்கப்படும் பேக்கப் ஒன்றே ஒன்றுதான். புதிய பேக்கப் வந்ததும் பழையது அதன் மேலேயே அழிந்துவிடும். ஒரு முக்கியமான சாட்டை தவறுதலாக டெலிட் செய்து, அன்று இரவே தானாக பேக்கப் ஓடிவிட்டால், கூகுளில் இருக்கும் நகலிலும் அந்த சாட் இருக்காது. ஃபோனுக்குள்ளேயே சேமிக்கப்படும் நகல்கள் மட்டும் கடைசி 7 நாட்கள் வரை இருக்கும். ஆனால், ஃபோனே தொலைந்தால் அவையும் சேர்ந்து போய்விடும்.

பேக்கப்பை ஏழு நாளுக்கு ஒருமுறை என்று மாற்றி வைத்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனால், ஃபோன் தொலைந்தால் ஒரு வார மெசேஜ்கள் போய்விடும். எது முக்கியம் என்பதை முடிவு செய்து கொள்ள வேண்டியது பயனாளர்தான்.

போட்டோ டெலிட் ஆனால்?

பேக்கப் ஆன படத்தை கூகுள் போட்டோஸில் டெலிட் செய்தால், அது குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் இருக்கும். பேக்கப் ஆகாத படம் என்றால் 30 நாட்கள். கூகுள் டிரைவில் நீக்கிய ஃபைலுக்கும் 30 நாட்கள்தான்.

இங்கே பலரும் குழம்பும் விஷயம் ஒன்று உண்டு. எல்லாக் கருவிகளிலும் ஒரே படத்தைக் காட்டுவது 'சிங்க்'. அது பேக்கப் அல்ல. சிங்க்கில் ஓர் இடத்தில் டெலிட் செய்தால் எல்லா இடத்திலும் போய்விடும். "இடம் பத்தலை" என்று ஃபோனில் போட்டோஸ் ஆப்புக்குள் போய் டெலிட் செய்பவர்கள், கிளவுடில் இருப்பதையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

அப்படியானால் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

இதற்கு ஒரு எளிய கேள்வி போதும்: ஒரு ஃபைல் காணாமல் போனால், அது எத்தனை நாள் கழித்து தெரியவரும்? பேக்கப் அதைவிட அதிக நாள் இருக்க வேண்டும்.

உதாரணமாக, ஒரு மளிகைக் கடையின் கணக்கு ஃபைல் ஜூலையில் பழுதாகிறது. ஆண்டு இறுதியில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. கடைசி 7 நாள் பேக்கப் மட்டும் வைத்திருந்தால், ஏழு நகலிலும் பழுதான ஃபைல்தான் இருக்கும். பேக்கப் தினமும் சரியாகவே நடந்திருக்கும், ஆனால் பயன் பூஜ்யம். ரேன்சம்வேர் தாக்குதலிலும் இதே சிக்கல்தான். ஊடுருவியவர்கள் பல நாட்கள் பதுங்கி இருந்துவிட்டு தாக்கினால், சமீபத்திய நகல்கள் எல்லாமே கெட்டுப்போயிருக்கலாம்.

அதற்காக தினசரி நகலை ஆண்டு முழுக்க சேர்த்தால் 365 நகல்கள் ஆகிவிடும், இடம் தாங்காது. ஐடி துறையில் இதற்குப் பல காலமாக இருக்கும் தீர்வு 'தாத்தா - அப்பா - மகன்' முறை. மகன்: தினசரி நகல், கடைசி 7 மட்டும். அப்பா: வார நகல், கடைசி 4 மட்டும். தாத்தா: மாத நகல், கடைசி 12 மட்டும். மொத்தம் 23 நகல்களில் ஓர் ஆண்டு வரை பின்னோக்கிப் போகலாம். நேற்றைய தவறுக்கு நேற்றைய நகல், ஆறு மாதம் முந்தைய தவறுக்கு அந்த மாதத்தின் நகல்.

காலாவதி விதி தவறினால் என்ன ஆகும்?

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், 10 நாட்களுக்கு மேல் பழைய லாக் ஃபைல்களை அழிப்பதற்காக பேக்கப் புரோகிராமில் ஒரு கட்டளை இருந்தது. அந்த புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றியதால், லாக்குக்குப் பதிலாக ஆய்வாளர்களின் ஃபைல்களே அழிந்தன. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி ஃபைல்கள் போயின. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கிளவுட் அமைப்புகளில் ஒன்று அழிந்தது. அதை அமைக்கும்போது ஒரு கட்டத்தை காலியாக விட்டதால், ஓர் ஆண்டு முடிந்ததும் தானாக நீங்கும்படி அமைந்துவிட்டதாக கூகுள் கிளவுட் விளக்கம் அளித்தது. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் சுமார் ஒரு வாரம் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். தனியாக வைத்திருந்த பேக்கப்தான் காப்பாற்றியது.

இரண்டிலுமே ஹேக்கர்கள் யாரும் வரவில்லை. 'எப்போது அழிக்க வேண்டும்' என்ற விதிதான் தவறாக இருந்தது.

கடை, நிறுவனம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் என்றால் 8 நிதியாண்டுகள். மின்னணு முறையில் கணக்கு வைக்கும் கம்பெனிகள், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பில்லிங் சாஃப்ட்வேரை மாற்றும்போது, "பழசு எதுக்கு?" என்று அழித்துவிட்டால் பின்னாளில் நோட்டீஸ் வரும்போது சிக்கல்.

எல்லாவற்றையும் எப்போதும் வைத்திருக்கலாமா?

அதுவும் ஆபத்துதான். விடுதியிலும் சிம் கார்டு கடையிலும் வாடிக்கையாளர் கொடுத்த ஆதார் நகல், பல ஆண்டுகள் கழித்தும் ஏதோ ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடந்தால், அது திருடுபோகும் வாய்ப்பும் அத்தனை ஆண்டுகளுக்கு இருக்கும். நோக்கம் முடிந்ததும் தனிநபர் தரவை அழிக்க வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் விதிவிலக்கு. இந்தச் சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது.

ஆக, வரிக் கணக்கை வைத்திருப்பதும், தேவை முடிந்த ஆதார் நகலை அழிப்பதும் ஒரே பொறுப்பின் இரண்டு பக்கங்கள்.

கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால்?

அப்பா, அம்மாவின் ஃபோனில் இருக்கும் படங்களும் குரல் பதிவுகளும் குடும்பத்துக்குப் பெரிய சொத்து. கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற வசதி உள்ளது. கணக்கு 3 மாதம் முதல் 18 மாதம் வரை பயன்பாட்டில் இல்லை என்றால், குறிப்பிட்ட நபர்களுக்கு தரவு போகும்படி முன்கூட்டியே அமைக்கலாம். ஆப்பிளில் இதற்கு 'லெகசி காண்டாக்ட்' என்று பெயர். அதில் முதல் கோரிக்கை ஏற்கப்பட்டதிலிருந்து 3 ஆண்டுகள் மட்டுமே அணுக முடியும். பிறகு கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும். அதற்குள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. ஃபோன் செட்டிங்ஸில் கடைசியாக பேக்கப் ஆன தேதியைப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பழையது என்றால் ஸ்டோரேஜை சரிபாருங்கள்.

2. ஃபோன் உடைந்துவிட்டால் 57 நாட்களுக்குள் வேறு ஆண்ட்ராய்டு ஃபோனில் பேக்கப்பை மீட்டெடுங்கள்.

3. இழக்கவே முடியாத படங்கள், ஆவணங்களுக்கு கிளவுட் தவிர, ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் நகல் வையுங்கள். பேக்கப் முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

4. கடைக் கணக்குக்கு மாதம் ஒரு நகலை தேதி போட்டு தனியாக எடுத்து வையுங்கள். பழையதன் மேல் புதியதை எழுத வேண்டாம்.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் பயனில்லை.

6. பயன்படுத்தாத கூகுள் கணக்கில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது லாகின் செய்யுங்கள்.