பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்

கல்யாணப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்வார்கள். புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள். டியூப்லைட்டில் பச்சையாக இருந்தது வெயிலில் நீலமாகத் திரும்பினால், அது மயில்கழுத்து.

வித்தை முழுக்கத் தறியில்தான். நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. புடவை மடியும் இடத்தில் ஒரு நிறம் முந்தும், விரியும் இடத்தில் மற்றது. பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம் என்பதால் ஒளியை நன்றாகத் திருப்பியடிக்கும். பருத்தியில் இவ்வளவு ஆட்டம் வராது. கச்சாப்பட்டும் அப்படியே மின்னாது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து மேற்பசையைக் கழற்ற வேண்டும். எடையில் ஏறக்குறைய கால்பங்கு அதிலேயே போய்விடும்.

அசல் மயிலிடம் நீலச் சாயமே இல்லை. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத்தான் அந்த நிறம். நியூட்டன் 1704இல் வெளியிட்ட ‘ஆப்டிக்ஸ்’ நூலில் மயிலிறகைப் பேசினார். நம் சி.வி. ராமன் 1934இல் பனங்காடை இறகை எடுத்துக்கொண்டார்.

சாயக்காரருக்கு அந்த வசதி ஏது? நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு அரக்குப் பூச்சி என்று காலம் ஓடியது. 1856இல் வேதியியலாளர் பெர்கினின் செயற்கை ஊதாவும் 1897இல் செயற்கை அவுரி நீலமும் வந்தபின் நிறங்கள் பெருகின. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் உருவாக்கிய ‘எம்.எஸ். நீலம்’ அப்படிப் பெருகியவற்றில் ஒன்று. பூச்சி போனாலும் அரக்குக் கலர் கேட்பவர்கள் இன்றும் உண்டு.

தென்னேரி, வாலாஜாபாத், அய்யம்பேட்டை என்று விரியும் இந்த வட்டாரத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனம் நிறத்தைக் கலப்பதில் இல்லை. கலக்காமல் நிறுத்துவதில் இருக்கிறது. உடல் இரட்டை நிறத்தில் மின்னலாம், கரை மட்டும் ஒரே நிறமாக நிற்க வேண்டும். அதற்குத்தான் கோர்வை: ஊடை இழையை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளத் துணைக்கு ஆள் உட்கார வேண்டும், அவருக்கும் கூலி தர வேண்டும்.

முந்திக்கு இன்னும் பாடு. முந்தி நிறத்துப் புதுப் பாவை உடல் பாவோடு இழை இழையாக இணைத்து, கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்து நெய்து, பிறகு பழைய இழைகளை வெட்டி எடுப்பார்கள். இதுதான் பிட்னி. சேர்த்து நெய்த இடம் விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்படும். நேரமும் கூலியும் கூடுவதால் பலர் இதை விட்டுவிட்டார்கள். வாசல் வெளிச்சத்தில் முந்திக்குள்ளும் உடல் நிறம் எட்டிப் பார்த்தால், அந்தத் தறியில் பிட்னி போடவில்லை.