பாரிஸ் சென்ற இமாம்

அரபு இலக்கணம் ஓத வரும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஹழ்ரத், இதைப் படித்தால் துபாயில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்குமா?" என்பார்கள். இதைக் கேட்டுச் சினந்த காலமும் உண்டு. ரிஃபாஆ அத்தஹ்தாவியின் வரலாற்றைக் கற்ற பின்னர் அச்சினம் தணிந்துவிட்டது.

மிஸ்ரை ஆண்ட முஹம்மது அலீ பாஷா, 1826 இல் நாற்பதுக்கு மேற்பட்ட மாணவர்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். பாஷாவுக்கு வேண்டியது கலை ஞானமன்று; படைக்கும் நிர்வாகத்துக்கும் ஆட்கள். அம்மாணவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாகவே தஹ்தாவி கப்பலேறினார். அஸ்ஹரில் ஓதிய அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. அவரைப் பரிந்துரைத்தவர் அவருடைய உஸ்தாதான ஷைகு ஹஸன் அல்அத்தார். 1798 இல் நெப்போலியன் படையெடுத்த காலத்தில் பிரஞ்சு அறிஞர்களுக்கு அரபு கற்பித்து, அவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டவர் அவர். பயணத்தில் காண்பதையெல்லாம் எழுதி வைக்குமாறு தம் மாணவருக்கு அறிவுரை கூறியவரும் அவரே.

இமாமத் செய்வதோடு நின்றிருந்தால் தஹ்தாவியை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ பிரஞ்சு கற்கத் தொடங்கினார். தமக்குக் கிடைத்த உதவித்தொகையிலிருந்து நூல்களும் வாங்கினார். இரவு பகல் பாராது படித்ததால் அவருடைய இடக்கண்ணின் பார்வை குன்றியது.

அங்கே அவர் சந்தித்த அறிஞர்களுள் ஒருவர் ஸில்வெஸ்தர் த ஸாஸி. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் மகாமாத்துல் ஹரீரியை அரபு விரிவுரையுடன் 1822 இல் பதிப்பித்தவர் அவர். ஹரீரியை ஓதி முடிப்பதற்குள் நம் பிள்ளைகள் படும் பாடு எனக்குத் தெரியும். பிரஞ்சுக்காரர் ஒருவர் அதற்கு அரபியிலேயே உரை வரைந்தார் என்றால் அவரது உழைப்பை என்னென்பது! அவருடைய உச்சரிப்பில் அயல் வாடை வீசியதையும் தஹ்தாவி மறைக்கவில்லை. அவரது ஆழ்ந்த புலமையைப் போற்றவும் தயங்கவில்லை.

1831 இல் தாயகம் திரும்பியவருக்கு மொழிபெயர்ப்புப் பணி காத்திருந்தது. அதன் தேவையை அறிய, 1827 இல் தொடங்கப்பெற்ற அபூ ஸஃபல் மருத்துவப் பள்ளியைப் பார்த்தாலே போதும். பிரஞ்சு மருத்துவர் தம் மொழியில் பாடம் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் அதை அரபியாக்குவார். அந்த அரபியை அஸ்ஹர் ஆலிம் ஒருவர் திருத்துவார். மருத்துவம் அறிந்தவருக்கு அரபு தெரியாது. அரபு அறிந்தவருக்கு மருத்துவம் தெரியாது. ஒரு பாடத்துக்கு மூவர்! இரு மொழியும் ஒருவரிடத்தே குடிகொள்ள வேண்டும் எனத் தஹ்தாவி கருதியதில் வியப்பில்லை.

அவ்வாறே, அவருடைய யோசனையின்படி 1835 இல் கெய்ரோவில் மொழிகள் பள்ளி எழுந்தது. 'மத்ரஸத்துல் அல்ஸுன்' என்பது அதன் பெயர். பிரஞ்சும் துருக்கியும் கற்பித்ததோடு அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் அங்கே கற்பிக்கப்பட்டன. தன் மொழியில் தடுமாறுபவன் பிறமொழியிலிருந்து எதைக் கொண்டுவர இயலும்? அங்குப் பயின்றவர்கள் அரசு அலுவல்களில் அமர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான முஹம்மது கத்ரீ பாஷா பின்னர் நீதி அமைச்சரானார். ஹனஃபி மத்ஹபின் சட்டங்களைப் பிரஞ்சுச் சட்டநூல் போல் எண்ணிட்ட பிரிவுகளாகத் தொகுத்தவர் அவர். பிரஞ்சு மட்டும் கற்றவராலும், ஃபிக்ஹு மட்டும் ஓதியவராலும் அப்பணி ஆகியிராது.

ஆயினும் அரசை நம்பிப் பிறந்த பள்ளி அரசின் மனநிலைக்கு ஆட்பட்டே வாழ்ந்தது. 1848 இல் ஆட்சிக்கு வந்த அப்பாஸ் பாஷாவுக்கு இவற்றில் நாட்டமில்லை. சில ஆண்டுகளுக்குள் பள்ளி மூடப்பட்டது. தஹ்தாவியைக் கார்த்தூமிலுள்ள ஆரம்பப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக அனுப்பினார்கள். பெயர்தான் நியமனம், உண்மையில் நாடு கடத்தல். பாரிஸில் உடன் பயின்ற கணித அறிஞர் பையூமீ அங்கேயே காலமானார்.

கார்த்தூமில் மொழிபெயர்ப்புக்குச் சம்பளம் தருவாரில்லை; கேட்பாருமில்லை. அங்கிருந்துதான் ஃபெனலோன் எழுதிய 'தெலெமாக்' என்னும் பிரஞ்சு நூலை அவர் அரபியாக்கினார். அரசிளங்குமரன் ஒருவனுக்கு நல்லாட்சியைக் கற்பிக்கும் நூல் அது. பதினான்காம் லூயி மன்னரின் சினத்துக்கு ஆளானதும் அதுவே. 1854 இல் அப்பாஸ் இறந்த பின்னரே தஹ்தாவி கெய்ரோ திரும்பினார். அந்த மொழிபெயர்ப்போ 1867 இல்தான், அதுவும் பெய்ரூத்தில், அச்சேறியது.