போடி ஜமீன் வழக்கும் சொத்து நிர்வாகமும்

சரித்திரம் என்றவுடன் போர்களும் பட்டாபிஷேகங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு மனிதர் இறந்தபின் அவருடைய சொத்து யார் கைக்குப் போயிற்று, எந்த வழியாகப் போயிற்று என்பதும் சரித்திரமே. இன்று நான் எடுத்துக்கொண்ட ஊர் போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏலக்காய் வாணிபத்தால் பெயர் பெற்ற ஊர் அது. ஒரு காலத்தில் ஜமீனின் தலைநகராகவும் விளங்கிற்று.

போடி ஜமீன்தார் காமராஜ பாண்டிய நாயக்கர் 1888ஆம் ஆண்டில் காலமானார். ஜமீன் அவர் மனைவி கமுலம்மாளிடம் வந்தது. பின்னர் கமுலம்மாளுக்கும் விசுவநாதசாமி நாயக்கர் என்பவருக்கும் இடையே வழக்கு மூண்டது. அக்கால நீதிமன்றங்கள் இந்துக்களை வருண வாரியாகப் பிரித்தே வாரிசு முறை கூறின. சூத்திரர் என்று அவை வகுத்த குடும்பங்களில், முறைப்படி மணந்துகொள்ளாமல் நிலையாக உடன் வாழ்ந்த மாதிடம் பிறந்த மகனுக்கும் தந்தை சொத்தில் உரிமை உண்டு. மனைவியும் அப்படிப்பட்ட மகனும் இருந்தால் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. இறுதியில் அது லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. மகனுக்குப் பாதி உண்டு என்பது அங்கே கிடைத்த விடை. 1923ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இவ்வழக்கு இடம்பெற்றிருக்கிறது. ஜமீன்தார் மறைந்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன!

போடியிலிருந்து லண்டனுக்கு ஒரு வழக்கு எப்படிப் போயிற்று? கீழ்க்கோர்ட்டு ஆவணங்களையெல்லாம் ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட வேண்டும். லண்டனில் ஒரு சொலிசிடரை அமர்த்த வேண்டும். சொலிசிடர் என்பவர் அங்கே மன்றத்தில் எழுந்து வாதாடுபவர் அல்லர். கட்சிக்காரரின் தாள்களை ஒழுங்கு செய்து, வாதாடும் பாரிஸ்டரிடம் விவரம் கூறி ஒப்படைப்பவர். சென்னை உயர்நீதிமன்றத்திலும் இதைப் போன்ற அட்டர்னி என்னும் வகுப்பார் இருந்தனர். 1976இல் வந்த சட்டத் திருத்தத்தோடு அந்தத் தனி வகுப்பு மறைந்தது. இன்று இரு வேலைகளையும் வழக்கறிஞரே செய்கிறார்.

வழக்கு இல்லாவிட்டாலும் சொத்து நிர்வாகத்துக்குச் சட்டம் அறிந்தவர் தேவைப்படுவதுண்டு. ஏனெனில் இறந்தவர் சொத்தைப் பங்கிடுவது கடைசி வேலை. முதலில், உள்ளதும் கொடுக்க வேண்டியதும் எவ்வளவு என்று கணக்கெடுக்க வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தது. கோர்ட்டில் உயிலை மெய்ப்பித்துப் பொறுப்பேற்பவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் தாக்கல் செய்யவேண்டும் என்றது. கடன் தீர்க்கும் வரிசையையும் கூறியது. முதலில் ஈமச் செலவும் இறுதி நோயின் மருத்துவச் செலவும். அடுத்து, உயிலை மெய்ப்பிக்க ஆன கோர்ட்டுச் செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்திய மூன்று மாதத்தில் அவரிடம் வேலை செய்த தொழிலாளி, கைவினைஞர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் கூலிப் பாக்கி. மற்றக் கடன்காரர்களெல்லாம் இவர்களுக்குப் பின்னரே! உயிலில் எழுதிய கொடைகள் அவர்களுக்கும் பின்னர். ஏலத் தோட்டத்தில் காய் பறித்தவரின் கூலி முதலாளியின் மரணத்தோடு மறைந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விதி வேண்டுமோ?

போடிப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீடும் கடையும் அடிவாரத்தில். தோட்டமோ பலருக்கு மலைமேல். வெள்ளையர் ஆட்சியில் அடிவாரம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று இயற்றிய சட்டம் சமஸ்தானத்து நிலத்தின்மீது செல்லாது. ஆகவே ஒரே மனிதரின் ஒரே மரணத்துக்கு இரு அரசுகளின் சட்டத்தையும் பார்க்கவேண்டியிருந்தது. 1956இல் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோதும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. நிலப் பதிவேடு இன்றும் இரண்டு மாநிலங்களில், இரண்டு மொழிகளில். இங்கே ஒரு வக்கீலை அமர்த்துபவர் அவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "மலைக்கு மேலுள்ள பதிவேட்டையும் பார்ப்பீர்களா?" என்பதே.

வாரிசு முறையும் மாறிவிட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும், இறந்தவரின் தனிச் சொத்தில் சம பங்கு அளித்தது. மூதாதையர் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989இலும், நாடு முழுவதற்கும் நாடாளுமன்றம் 2005இலும் அளித்தன. ஆனால் சட்டம் அளித்த பங்கு தானே வீடு தேடி வருவதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது, பாக்கி யாருக்கு, விடுதலைப் பத்திரம் என்று நீட்டப்படும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். துக்க வீட்டில் கையெழுத்து வாங்குவது எளிது. அக்கையெழுத்தால் போன பங்கை மீட்கத்தான் கோர்ட்டில் பல ஆண்டுகள் ஆகின்றன.

வக்கீலை அமர்த்தினாலும் பொறுப்பு முழுவதும் அவருக்குப் போய்விடாது. உயிலை நிறைவேற்றுபவர்தான் கணக்குக்கு உரியவர். ஆதலால் கட்டணத்தையும் வேலையின் எல்லையையும் முதலிலேயே எழுத்தில் பெறுவது நல்லது. கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டுமா என்பதையும் கேட்கவேண்டும். வாரிசுகள் ஒற்றுமையாயிருந்தால், பதிவுசெய்த பாகப் பிரிவினைப் பத்திரமே பல குடும்பங்களுக்குப் போதும்.

கல்லூரியில் படிக்கும் நீங்கள்தான் பல வீடுகளில் முதன்முதலாகப் பத்திரம் வாசிக்கத் தெரிந்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பாட்டியின் பெட்டியிலிருக்கும் பத்திரங்களை அவர் அனுமதியோடு எடுத்து, உரக்கப் படித்துக் காட்டுங்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதை அவரும் கேட்கட்டும்.