துப்பாக்கி வாங்க பின்னணிச் சோதனை: அமெரிக்காவில் ஓட்டை எங்கே? சண்டை ஏன் ஓயவில்லை?

2007 ஏப்ரல் 16. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். காலை வகுப்பில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். நம்ம ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்தவர். வகுப்பறைக்குள் புகுந்த மாணவர் ஒருவர் சுட்டதில் அவர் உயிரிழந்தார். அன்று அந்த வளாகத்தில் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர்.

சுட்டவர் துப்பாக்கியைத் திருடவில்லை. கள்ளச்சந்தையிலும் வாங்கவில்லை. பின்னணிச் சோதனையில் பாஸ் ஆகித்தான் வாங்கினார். ஒன்றல்ல, இரண்டு துப்பாக்கிகள். இரண்டு முறை சோதனை. இத்தனைக்கும் அமெரிக்க சட்டப்படி அவருக்கு ஒரு துப்பாக்கிகூட விற்றிருக்கக் கூடாது.

அப்புறம் எப்படி கிடைத்தது? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கும் பின்னணிச் சோதனை விவாதம் புரிய வேண்டுமென்றால், இந்தக் கேள்வியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பின்னணிச் சோதனைன்னா என்ன?

லைசென்ஸ் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கப் போனால், முதலில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி, குற்ற வழக்கு விவரம் எல்லாம் அதில் இருக்கும். கடைக்காரர் அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டு, விவரங்களை எஃப்.பி.ஐ-க்கு அனுப்புவார். சில மாநிலங்களில் மாநில அரசின் அமைப்பே இந்த வேலையைச் செய்கிறது.

பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே பதில் வந்துவிடும். 'கொடுக்கலாம்', 'கொடுக்கக் கூடாது', 'பொறுங்கள்' என மூன்றில் ஒன்று.

யாருக்கெல்லாம் துப்பாக்கி கிடையாது?

கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், தலைமறைவுக் குற்றவாளிகள், சட்டவிரோதமாக போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள், மனநலப் பிரச்னையால் ஆபத்தானவர் என நீதிமன்றம் முடிவு செய்தவர்கள் ஆகியோர் இந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

இந்தச் சட்டம் எப்போது வந்தது?

1981 மார்ச் 30 அன்று அதிபர் ரொனால்ட் ரீகனைக் கொல்ல முயற்சி நடந்தது. அதில் ரீகனின் பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடி தலையில் குண்டு பாய்ந்து, வாழ்நாள் முழுக்க உடல் பாதிப்போடு வாழ்ந்தார். அவரும் மனைவி சாராவும் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 1993 நவம்பரில் பிராடி சட்டத்தில் அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்டார். எஃப்.பி.ஐ-யின் உடனடி கணினிச் சோதனை 1998 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இருக்கிறது, கணினியும் இருக்கிறது. பிறகு எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஓட்டை 1: பதிவே போய்ச் சேரவில்லை

வர்ஜீனியா டெக்கில் சுட்டவரால் அவருக்கே ஆபத்து என்று 2005 டிசம்பரிலேயே நீதிமன்றம் சொல்லி, மனநல சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லவில்லை, வெளிநோயாளியாக சிகிச்சை பெறச் சொன்னது. அப்படிப்பட்ட உத்தரவுகளை வர்ஜீனியா மாநிலம் அப்போது தேசியப் பட்டியலுக்கு அனுப்பவில்லை. கணினியில் பெயர் இல்லை, அதனால் சோதனையில் பாஸ்.

இதே கதை 2017 நவம்பரில் மீண்டும் நடந்தது. டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேரைக் கொன்றவர் முன்னாள் விமானப்படை வீரர். குடும்பத்தினரைத் தாக்கியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். அந்தத் தகவலை விமானப்படை எஃப்.பி.ஐ-க்கு அனுப்பவே இல்லை. இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும் பதிவுகளைச் சரிசெய்ய புதிய சட்டங்கள் வந்தன.

ஓட்டை 2: மூன்று நாள் கெடு

'பொறுங்கள்' என்று பதில் வந்து, மூன்று வேலை நாட்களுக்குள் இறுதி முடிவு வராவிட்டால், கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் கொடுத்தால் தப்பில்லை.

2015-ல் தென் கரோலினாவின் சார்லஸ்டன் தேவாலயத்தில் 9 கறுப்பின மக்களைக் கொன்றவர் இப்படித்தான் துப்பாக்கி வாங்கினார். அவர் மீதான போதைப்பொருள் வழக்கின் முழு விவரமும் கிடைத்திருந்தால் விற்பனை நின்றிருக்கும். பதிவில் இருந்த குழப்பத்தால் எஃப்.பி.ஐ வேறு காவல்துறையை விசாரித்துக்கொண்டிருந்தது. அதற்குள் கெடு முடிந்துவிட்டது. இந்தத் தவறை அப்போதைய எஃப்.பி.ஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஓட்டை 3: தனியார் விற்பனை

அதிகம் சண்டை நடப்பது இதில்தான். பின்னணிச் சோதனை லைசென்ஸ் உள்ள வியாபாரிகளுக்குத்தான் கட்டாயம். தன்னிடம் இருக்கும் துப்பாக்கியை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு மத்திய சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. விற்பது துப்பாக்கிக் கண்காட்சியிலாக இருந்தாலும், ஆன்லைன் விளம்பரம் மூலமாக இருந்தாலும் இதே நிலைதான்.

2019 ஆகஸ்ட் 31 அன்று டெக்சாஸின் மிட்லேண்ட், ஒடெசா நகரங்களில் 7 பேரைச் சுட்டுக் கொன்றவர், 2014-ல் கடையில் துப்பாக்கி வாங்க முயன்று பின்னணிச் சோதனையில் தடுக்கப்பட்டவர். அதாவது சோதனை சரியாக வேலை செய்தது. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தனிநபரிடம், எந்தச் சோதனையும் இல்லாமல் வாங்கிவிட்டார். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வியாபாரம் செய்ததாக விற்றவருக்கு பிறகு சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்குள் உயிர்கள் போய்விட்டன.

ஆதரவாளர்கள் சொல்வது என்ன?

எல்லா விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்கிறார்கள். முன்வாசலைப் பூட்டிவிட்டு பின்வாசலைத் திறந்து வைத்தால் என்ன பயன் என்பது இவர்கள் வாதம். கலிஃபோர்னியா, நியூயார்க், வாஷிங்டன், கொலராடோ போன்ற மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டன. கருத்துக்கணிப்புகளிலும் பெரும்பான்மை அமெரிக்கர்கள் தொடர்ந்து இதை ஆதரிக்கிறார்கள்.

எதிர்ப்பாளர்கள் சொல்வது என்ன?

குற்றவாளிகள் கடைக்கு வந்து படிவம் நிரப்ப மாட்டார்கள் என்கிறார்கள். இதற்கு ஆதாரமும் காட்டுகிறார்கள். 2016-ல் சிறைக் கைதிகளிடம் அமெரிக்க நீதித்துறை நடத்திய சர்வேயில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுமார் 43% பேர் அது கள்ளச்சந்தையில் கிடைத்ததாகச் சொன்னார்கள். கண்காட்சியில் வாங்கியதாகச் சொன்னவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு.

இன்னொரு பயம், அரசு பட்டியல் எடுக்கும் என்பது. எல்லா விற்பனையும் சோதனைக்குள் வந்தால், யாரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்ற பதிவேட்டில்தான் அது முடியும், நாளை பறிமுதலுக்கும் வழி வைக்கும் என்கிறார்கள். அப்படி தேசியப் பதிவேடு உருவாக்க 1986 முதலே சட்டத்தில் தடை இருக்கிறது என்பது ஆதரவாளர்களின் பதில்.

சோதனையால் பலன் உண்டா?

ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. கலிஃபோர்னியா 1991-ல் எல்லா விற்பனைக்கும் சோதனையைக் கொண்டுவந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் துப்பாக்கிக் கொலைகளில் அதனால் மாற்றம் தெரியவில்லை என்றது ஒரு ஆய்வு. கனெக்டிகட் மாநிலம் 1995-ல், போலீஸிடம் நேரில் போய், கைரேகை கொடுத்து, பயிற்சி முடித்து அனுமதி பெற்றால்தான் கைத்துப்பாக்கி என்று மாற்றியது. அங்கே பத்து ஆண்டுகளில் துப்பாக்கிக் கொலைகள், எதிர்பார்க்கப்பட்டதைவிட சுமார் 40% குறைந்ததாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் கணக்கிட்டார்கள்.

சட்டம் ஏன் நிறைவேறவில்லை?

செனட் சபையில் பெரிய மசோதாக்கள் நகர, நடைமுறையில் 100-ல் 60 வாக்கு வேண்டும். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் உட்பட 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2013 ஏப்ரலில் கண்காட்சி, ஆன்லைன் விற்பனைக்கும் சோதனை கேட்ட திருத்தத்துக்கு 54 பேர் ஆதரவளித்தும் தோற்றது. 2019, 2021 இரண்டு முறையும் பிரதிநிதிகள் சபை மசோதாவை நிறைவேற்றியது. செனட்டைத் தாண்டவில்லை.

உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பிறகு, 2022 ஜூனில் இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தன. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வாங்கினால் சிறார் பருவப் பதிவுகளும் பார்க்கப்படும், தேவைப்பட்டால் 10 வேலை நாள் வரை காத்திருக்க வேண்டும். லாபத்துக்காக விற்பவர் யார் என்ற விளக்கமும் விரிவானது. அதை வைத்து 2024-ல் பைடன் அரசு கொண்டுவந்த விதியை எதிர்த்து டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்கள் நீதிமன்றம் போக, அந்த மாநிலங்களில் அதற்குத் தடை விழுந்தது.

ஆக, 'சோதனை வேண்டுமா, வேண்டாமா' என்பதோடு இந்தச் சண்டை முடிவதில்லை. பதிவு முழுமையாக இருக்கிறதா, பார்க்க நேரம் இருக்கிறதா, எல்லா விற்பனையும் உள்ளே வருகிறதா? இந்த மூன்றில் முதலாவதில் மட்டும்தான் இரு கட்சிகளும் ஓரளவு ஒத்துப்போகின்றன. மற்ற இரண்டும் அடுத்த வாக்கெடுப்புக்காகக் காத்திருக்கின்றன.